உதயகுமாரியின் அளவு

துப்பாக்கியின் போல்ட் மூடவில்லை.

குகநேசன் வெற்று ரவைக் கோதைத் துப்பாக்கியிலிருந்து எடுத்தான். மேசையில் பூட்டியிருந்த, கோதை இறுக்கும் அச்சை இன்னும் கொஞ்சம் கீழே திருகி, கோதை அதற்குள் விட்டு அழுத்தினான். மறுபடி துப்பாக்கியில் வைத்துப் பார்த்தான். இந்தமுறை போல்ட் இதமாக மூடிக்கொண்டது.

பன்னிரண்டு வருடத்தில் முதல்தடவையாக அச்சு அவனுடைய துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தி நின்றது.

சுட்ட கோது, சுட்ட துப்பாக்கியின் அளவுக்கு வீங்கிவிடும். மறுபடி வெடிமருந்து நிரப்ப முன்னர் அச்சில் விட்டு இறுக்க வேண்டும். அவன் மனைவி உதயகுமாரியின் துப்பாக்கி ஒரு மயிரிழை இறுக்கம். அவள் தன் நகப்பூச்சால் அச்சில் போட்ட சிவப்புக் கோடுவரை திருகி இறக்கினால்தான் இருவருக்கும் சரிவரும். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாத அந்த மனுஷி, எல்க் மானை அவனைவிட நேராகச் சுடுவாள்.

போன வேட்டைக்காலம் முடிந்த கையோடு, தன் துப்பாக்கியையும் அதன் பெட்டகத்தையும் ஏற்றிக்கொண்டு, நகரின் மறுகோடியில் ஹவுகெட்டோவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னாள்:

"எனக்கெண்டு இனி ஒண்டும் செய்யாதேங்கோ. ரவையை நான் கடையிலை வாங்குறன்."

அதன்பிறகு ஸ்டோவ்னரில் அவன் வீட்டில் வானொலி மட்டும்தான் கதைக்கிறது. அவனுக்கு அது போதவில்லை.

வருவாள் என்று ஒரு வருடம் பொறுத்தவன், இன்றைக்குத்தான் ரோசம் வந்து அச்சைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றி, தன் துப்பாக்கிக்கு மட்டும் அளவு பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை சுடுதளத்தில் தான் நின்ற இடத்தில் பொறுக்கிய கோதுகளை ஒவ்வொன்றாக அச்சுக்குள் விட்டான். திங்களன்று கூட்டித் துப்புரவாக்கிய தளம். கிடந்ததெல்லாம் தன்னுடையது என்றுதான் அள்ளி வந்திருந்தான்.

முதல் பதினாறும் முரண்டுபிடித்தே உள்ளே போயின.

பதினேழாவது முரண்டுபிடிக்கவில்லை. அச்சு அதை இறுக்கவே இல்லை. அது ஏற்கெனவே சிறிசு.

கோதின் அடியைத் திருப்பிப் பார்த்தான். சிவப்பு நகப்பூச்சு வளையம். ஈரம் இறங்காமல் இருக்க, அவளுக்குச் செய்கிற ரவைகளுக்கு மட்டும் அவன் பூசுவது.

கடையில் வாங்குகிறேன் என்றவள், அதே தளத்தில் நின்று அவன் செய்த ரவையைத்தான் சுட்டிருக்கிறாள்.

போன வருடம் அவளுக்குக் கடைசியாகக் கொடுத்தது ஒரு பெட்டி. இருபது ரவை. இந்நேரம் தீரும் தறுவாயில் இருக்கும்.

குகநேசன் அச்சைச் சிவப்புக் கோடுவரை திருகி இறக்கினான். முடித்து வைத்திருந்த பதினாறையும் மறுபடி கையிலெடுத்தான்.