பச்சைப் புள்ளி

லேப்டாப் திரையில் கொட்டாவியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

மணி பதினொன்றரை. காலை ஒன்பதிலிருந்து ஒரு தடவைகூட அது மஞ்சளாகவில்லை.

சூப்பர்வைசர் படுக்கையறை மூலையில், இஸ்திரி போடும் மேஜைக்கு முன்னால், மேலே முழுக்கைச் சட்டையும் கீழே அரைக்கால் டிராயருமாக உட்கார்ந்து அந்தப் புள்ளியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் புள்ளி மஞ்சளாகிவிடும். தொற்று வந்து எல்லோரையும் வீட்டோடு உட்கார வைத்ததும் தலைமை அலுவலகம் செய்த ஏற்பாடு அது. அவருடைய புள்ளியே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மஞ்சளாகிறது. அடுப்பை அணைங்க என்று மனைவி கத்துவாள். ஆன்லைன் வகுப்பு நின்றுபோச்சு என்று மகன் அழுவான். சுவரில் ஓட்டை போடும் மேல்வீட்டுக்காரனோடு சண்டைக்குப் போக வேண்டியிருக்கும், அதுவும் மாஸ்க்கைத் தேடி மாட்டிக்கொண்டு.

கொட்டாவிக்கு மட்டும் பதினேழு நாளாகப் பச்சை. மனுஷனுக்கு ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வராதா?

அவன் லட்சணம் ஆபீசுக்கே தெரியும். வாயைத் திறந்தால் கொட்டாவி. அதுவே பெயராகிவிட்டது. ஃபிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அந்தப் பிரிவின் வேலை. கொட்டாவி முக்கி முனகி ஒரு நாளைக்கு இருபது எழுதுவான். அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் முன்பைவிடக் கோபமாகத் திரும்ப எழுதுவார்கள்.

இப்போது நாற்பது எழுதுகிறான். பிழை கிடையாது. நேற்று ஒரு வாடிக்கையாளர் நன்றி சொல்லி எழுதியிருந்தார். அந்தப் பிரிவுக்கு இதுவரை அப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை.

சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கேமராவைப் போடச் சொன்னால், ரிப்பேர் என்று எழுதுகிறான். மைக்கும் ரிப்பேராம். முன்பெல்லாம் எதற்கும் ‘ம்’ என்று மட்டும் பதில் போடுகிறவன், இப்போது ‘மன்னிக்கணும் சார், உடனே முடிச்சிடறேன் சார்’ என்கிறான். அந்த மரியாதைதான் சூப்பர்வைசரை ரொம்பக் குடைந்தது.

யாரையோ பாதிச் சம்பளத்துக்கு உட்கார வைத்துவிட்டு வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறான், படவா. மவுஸை டேபிள் ஃபேனில் கட்டிவிட்டுத் தூங்குகிறவர்களைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் ஃபேன் புகாருக்குப் பதில் எழுதாதே!

ஏமாற்றுப் பேர்வழிகளின் பட்டியலைப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகத்தின் உத்தரவு. அதில் பெயர் ஏறினால் சாயங்காலமே சீட்டுக் கிழிந்துவிடும். அவர் கொட்டாவியின் பெயரை முதலாவதாக அடித்துத் தயாராக வைத்திருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அனுப்பினால் இன்னும் மனசு நிறையும்.

வீடியோ அழைப்பைப் போட்டார். தன் கேமராவை மட்டும் போடவில்லை. டிராயரோடு இருக்கும்போது எதற்கு வம்பு?

‘இந்த நிமிஷமே கேமராவைப் போடு. இல்லேன்னா உனக்கு வேலை இல்லை’ என்று எழுதினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு திரையில் ஒரு பெண் தெரிந்தாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். சீவாத தலையை அள்ளிக் கிளிப் போட்டிருந்தாள். காதில் ஆபீஸ் ஹெட்போன். கழுத்தில் கொட்டாவியின் அடையாள அட்டை.

மாட்டினான்! சூப்பர்வைசருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“யாரும்மா நீ? அவன் எங்க?”

“நான் அவர் சம்சாரம் சார்.” பேசும்போதும் அவள் கை மவுஸை விடவில்லை. “அவர் ஆஸ்பத்திரியில இருக்கார். பதினேழு நாளாச்சு. மூச்சுக்கு மிஷின் வெச்சிருக்காங்க. லீவு ஒண்ணுகூட மிச்சமில்ல சார். வேலை போயிட்டா ஆபீஸ் இன்சூரன்சும் நின்னுடும், அப்புறம் அந்த ஆஸ்பத்திரியில வெச்சுக்க மாட்டாங்க. வேலையில ஏதாவது குறை வெச்சிருக்கேனா சார்? எழுந்திருக்க வேண்டி வருமேன்னு பகல்ல தண்ணிகூடக் குடிக்கறதில்ல.”

சூப்பர்வைசருக்கு அழுகை வந்துவிட்டது. அது அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மைக்கை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். சே, என்ன காரியம் செய்ய இருந்தோம்! பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

அப்போது அவள் வீட்டுக்குள் எங்கோ போன் அடித்தது.

அவள் முகம் வெளிறிப்போனது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

“சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடறாங்க. அவங்களுக்குத்தான் இந்த மணி வெச்சிருக்கேன். தினம் சாயங்காலம்தான் பேசுவாங்க, இப்ப எதுக்குன்னு தெரியல. போன் ஹால்ல சார்ஜ்ல கெடக்கு. ரெண்டே நிமிஷம், போய் எடுத்துட்டு வரட்டுமா சார்?”

“போங்கம்மா, சீக்கிரம் போங்க!”

அவள் போகவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். போன் விடாமல் அடித்தது.

“போங்கன்னு சொல்றேன்ல!”

அவர் போட்ட சத்தத்தில் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார். மைக் படத்தின் குறுக்கே இன்னும் சிவப்புக் கோடு.

அவர் பதறிப்போய் அதை அமுக்குவதற்குள் மணி நின்றுவிட்டது.

“சரிங்க சார்,” என்றாள் அவள், உட்கார்ந்துகொண்டே. “சாப்பாட்டு நேரத்துல பேசிக்கறேன்.”