ஃப்ரிட்ஜுக்குள் ஒரு கை

"பேயை மொதல்ல அந்தப் புளியமரத்துல இருந்து எறக்குங்க தம்பி!"

காகிதக் கட்டை மேஜைமேல் போட்டார் ரோஷன் பீ. ஓசூர் பாகலூர் சாலையில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகையோ கண்ணீர் அஞ்சலியோ, நாலு திருத்தம் சொல்லாமல் டைப் அடிக்க மாட்டார்.

எதிரே நின்று விழித்தான் ராமப்பன். சூளகிரிப் பக்கம் கியர் கம்பெனியில் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்தால் பேய்க்கதை எழுத உட்கார்ந்துவிடுவான். பத்திரிகைக்கு அனுப்பிய ஆறும் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. இது ஏழாவது. இதுவும் திரும்பினால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று மனைவி பவளத்திடம் சத்தியம் செய்திருந்தான்.

"மரத்துல இல்லேன்னா பேய் வேற எங்கக்கா இருக்கும்?"

"ஃப்ரிட்ஜுக்குள்ள."

"அதுக்குக் குளிராதா?"

"செத்ததுக்கு என்ன குளிரு? இது 2004 தம்பி. இந்த ஊர்ல எத்தன வீட்ல புளியமரம் இருக்கு, எத்தன வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கு? கதவத் தெறந்து கைய விட்டா, உள்ளருந்து ஐஸ் மாதிரி ஒரு கை வந்து புடிக்கணும்."

ராமப்பனுக்கே முதுகு சில்லிட்டது. அவசரமாகக் குறித்துக்கொண்டான்.

"சரிக்கா. நடுராத்திரி பன்னெண்டு மணிக்கு..."

"மத்தியானம் மூணு மணிக்கு. பொண்டாட்டி அசந்து தூங்கற நேரத்துல."

"வீட்ல இருக்கற கொழந்தைய..."

"புள்ளைங்க மேல கை வைக்கக் கூடாது. பொம்பளைங்க தெறந்தாலும் ஒண்ணும் ஆகாது. அம்பது தாண்டின ஆம்பளைங்கள மட்டும்தான் புடிக்கணும்."

"அது ஏன்க்கா?"

"பேய்க்கும் ஒரு கொள்கை வேணுமில்ல?"

மறுவாரம் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து வந்தபோது ரோஷன் பீ உதட்டைப் பிதுக்கினார்.

"நேத்து வீட்ல சத்தமா வாசிச்சுப் பாத்தேன். பயம் பத்தல. புடிபட்டவன் வெரல் ஒண்ண ஒடைச்சு விடுங்க."

"ஒண்ணு போதுமா?"

"ரெண்டா ஒடைங்க."

நான்காவது முறைதான் அவர் முகம் மலர்ந்தது. டைப் அடித்ததற்குக் கூலிகூட வாங்கவில்லை.

கதை சென்னை மாத இதழ் ஒன்றில் வெளிவந்தது. வாசகர் கடிதங்கள் குவிந்தன. பவளம் அதைப் படித்ததிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுக்கக்கூட ராமப்பனைத்தான் அனுப்பினாள். ரோஷன் பீயின் யோசனைப்படியே இன்னும் எட்டுக் கதைகள் எழுதினான். எட்டிலும் ஃப்ரிட்ஜ், எட்டிலும் மூணு மணி. அடுத்த வருடமே அவை புத்தகமாயின.

கிருஷ்ணகிரியில் நடந்த பாராட்டு விழாவில் ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் முழங்கினார்.

"ஃப்ரிட்ஜ் என்பது ஃப்ரிட்ஜ் அல்ல! தொழில் நகரத்தின் உறைந்துபோன மனசாட்சி! மூன்று மணி, உழைப்பாளியின் ஷிஃப்ட் மாறும் நேரம்! ஐம்பது தாண்டிய அந்த ஆண் யார்? முதலாளித்துவம்!"

ஒன்றும் விளங்காவிட்டாலும் ராமப்பன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். அக்கா இவ்வளவு பெரிய மேதையா என்று நினைக்க நினைக்கப் புல்லரித்தது.

மறுநாள், விழாவில் போர்த்திய பொன்னாடையோடு நேராக அவர் கடைக்கு ஓடினான்.

"அக்கா, இது உங்களுக்குத்தான் சேரணும். நீங்க இல்லேன்னா நான் இன்னும் புளியமரத்துலயே தொங்கிட்டு இருந்திருப்பேன்." பொன்னாடையை அவரிடம் நீட்டினான். "இவ்வளவு ஆழமா எப்படிக்கா யோசிச்சீங்க?"

ரோஷன் பீ பொன்னாடையை ஓரமாக வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"ஆழமும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி, நான் கண்ண மூடினா போதும், எங்க வீட்டுக்காரர் புள்ளைங்களுக்கு வச்ச பால்கோவாவ ஃப்ரிட்ஜுலருந்து எடுத்து முழுங்கிட்டு இருந்தாரு. உங்க கதையெல்லாம் வாசிச்சுக் காட்டினதுல முந்நூத்தி நாப்பதா இருந்த சுகர் நூத்தி நாப்பதுக்கு எறங்கிடுச்சு. இப்ப என்னடான்னா பேக்கரிக்குப் போக ஆரம்பிச்சிருக்காரு, அடுத்த பேயக் கொண்டுபோய் அங்க ஒக்கார வைங்க!"