தூக்கிய கை

குடும்பக் கோயில் கொடை விழாவுக்காகச் சென்னையிலிருந்து வந்த மகாராஜா, தாமிரபரணியில் மூன்று முறை முங்கினார். மூன்று முறையும் விரல்களை மடக்கிய இடக்கை மட்டும் தண்ணீருக்கு மேலேயே நின்றது.

"கொழுந்தனுக்குச் சாமி வந்துட்டு," என்றாள் அண்ணன் மனைவி சுடலைவடிவு. பெண்கள் குலவையிட்டார்கள்.

மறுத்துச் சொல்ல வாயெடுத்தபடி கரையேறியவரின் காலில் அண்ணன் பூதத்தான் விழுந்தார். "சாமி, ஆத்தங்கரை வயல் எனக்கா, தம்பிக்கான்னு ஒரு வாக்கு சொல்லும்."

மகாராஜா கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை இன்னும் உயர்த்தி, உடம்பைக் குலுக்கி ஆடினார். "தம்பிக்கு விட்டுக் குடுலே."

"உத்தரவு சாமி. வழக்கம்போல மஞ்சப்பானையில கையை விட்டு, வாக்கை உறுதிப்படுத்தும்."

கோயில் முன் மஞ்சள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெந்தாலும் பரவாயில்லை என்று மகாராஜா வலக்கையை நீட்டினார்.

"சாமி வந்தது அந்தக் கையில இல்லல்லா," என்று பூதத்தான் இடக்கையைப் பிடித்து விரித்தார். உள்ளே, சாவி கொடுத்து ஓடும் பன்னிரண்டு லட்ச ரூபாய் சுவிஸ் வாட்ச்.

"கரையில வச்சா யாராவது எடுத்துருவாங்கன்னுதான்... இதுக்குத் தண்ணியும் ஆகாது, சூடும் ஆகாதுண்ணே."

"எங்க சாமிக்கு ரெண்டும் ஆகும்லே," என்றார் பூதத்தான். "வயலுதான் ஆகாது."