அத்தையின் இன்பாக்ஸ்

"கண் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் போன், அத்தை. அவங்க அனுப்பற மெயில் எல்லாம் திரும்பிப் போகுதாம். உங்க இன்பாக்ஸ் நிரம்பி வழியுதாம். மத்தியானத்துக்குள்ள பதில் போடலைன்னா உங்க ஆபரேஷன் தேதியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம்."

மாமியார் மடியிலிருந்த லேப்டாப்பிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கொடுத்தா கொடுக்கட்டும். பெட்டி அடைச்சுக்கிட்டா நான் என்ன பண்ண?"

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கண்ணிலும் புரை. நேற்று டம்ளர் என்று நினைத்துப் பேனா ஸ்டாண்டில் காபியை ஊற்றியவர் இவர். ஆபரேஷன் என்றால் மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்." அந்த அடுத்த மாசம் வந்தபாடில்லை.

கத்தி என்றால் பயம். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. மருமகள் வீட்டில் உட்கார்ந்து ஒரு சின்ன மெத்தைக் கடைக்கு வாரா வாரம் விளம்பர மெயில் எழுதுகிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் மாமியார் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"என் மருமகளா? தூங்கறவங்களுக்குக் கடுதாசி எழுதறா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். மருமகளும் சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வாள், பாவம்.

"லேப்டாப்பை இப்படிக் கொடுங்க. நானே எல்லாத்தையும் அழிச்சு இடம் பண்றேன்."

மாமியார் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ பார்க்க வேண்டாம். எங்கே தொடணும்னு மட்டும் சொல்லு. நான் அழிச்சுக்கிறேன்."

"டம்ளரே தெரியல, பொத்தான் தெரியுமா?"

"தடவித் தடவிக் கண்டுபிடிச்சுக்கிறேன்."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? மருமகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாத்தனார். கொஞ்ச நாளாகவே அம்மாவும் பெண்ணும் போனில் குசுகுசுவென்று பேசுவதும், இவள் தலையைக் கண்டதும் "சரி, வச்சிடறேன்" என்பதும் நடந்துகொண்டுதான் இருந்தது. போனில் சொல்லி மாளாத கோள் எல்லாம் மெயிலில் போயிருக்கிறது. பெட்டி நிரம்பாமல் என்ன செய்யும்?

"சரி, நான் பார்க்கல. மேலே இடது பக்கம் சின்னதா ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டா எல்லா மெயிலும் மொத்தமா சேர்ந்துக்கும். அப்புறம் குப்பைத் தொட்டி மாதிரி ஒரு படம். அதைத் தொடுங்க, அவ்வளவுதான்."

மாமியாரின் மூக்கு திரையில் இடித்தது. விரல் அங்கே போனது, இங்கே போனது, எதையோ அழுத்தியது.

அடுத்த அறையில் பிரின்டர் உறும ஆரம்பித்தது.

"அத்தை, நீங்க அழுத்தினது குப்பைத் தொட்டி இல்ல. பிரின்ட்."

"ஐயையோ, அதை நிறுத்து. நீ போகாதே, நான் போறேன்."

மாமியார் எழுந்து நாற்காலியைத் தடவுவதற்குள் மருமகள் பிரின்டர் முன்னால் நின்றாள். வரட்டும். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

முதல் தாள் வந்தது. 'உங்கள் முதுகு உங்களைத் திட்டுகிறதா? இன்றே மெத்தையை மாற்றுங்கள்.'

அவளே எழுதியது. போன வாரம்.

இரண்டாவது தாளிலும் அதே முதுகு, அதே திட்டு. மூன்றாவதிலும் அதுதான். அதற்குப் பிறகு அதற்கு முந்தின வாரத்து மெயில் வரிசை கட்டியது.

"ஒரே மெயில் எதுக்கு இத்தனை தடவை வந்திருக்கு?"

குட்டு உடைந்துவிட்டது. மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பேருக்கு வந்தது. உன் மாமனார் பேர்ல, உன் நாத்தனார் பேர்ல, அவ வீட்டுக்காரர் பேர்ல, பூனை பேர்ல..."

"பூனை பேர்லயா?"

"ஏன், அதுவும் மெத்தையிலதானே தூங்குது? எல்லாம் சுத்தி என் பெட்டிக்கே வர்ற மாதிரி எப்படிப் பண்றதுன்னு உன் நாத்தனார்தான் போன்ல சொல்லிக் கொடுத்தா."

"எதுக்கு அத்தை இதெல்லாம்?"

"மெயிலைத் திறந்து பார்க்கிறவங்க குறைஞ்சா வேலை போயிடும்னு நீ ஒரு நாள் அழுதியே. கேட்டுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா? வாரா வாரம் எல்லாத்தையும் நான்தான் ஒவ்வொண்ணா திறக்கறேன்."

மருமகள் கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள்.

"போன மாசம் புதுசா ஆட்கள் கூடியிருக்காங்கன்னு வீடு முழுக்கக் குதிச்சேனே..."

"நாங்கதான் அது."

அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். மெத்தைகளை மொத்தமாக அழித்தாள். பூனை உள்பட எல்லாப் பெயரையும் கடையின் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பித்தாள். வேலை நிலைத்தால் நிலைக்கட்டும், போனால் போகட்டும்.

பெட்டி காலியானதைச் சொன்னதும் ஆஸ்பத்திரி மெயிலை மறுபடி அனுப்பியது. அடுத்த திங்கள்கிழமை ஆபரேஷன்.

"வர்றோம்னு பதில் போட்டுடறேன் அத்தை."

மாமியார் அவள் கையைப் பிடித்தார்.

"இந்த மாசம் மட்டும் போகட்டுமே."

"கத்தின்னா இவ்வளவு பயமா உங்களுக்கு?"

"கத்திக்கு யாருடி பயந்தா? ஆபரேஷன் ஆனா கொஞ்ச நாளைக்குக் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார். உன் வேலை நிரந்தரம் ஆகிற வரைக்குமாவது இந்தக் கண்ணு இப்படியே இருக்கட்டும்னுதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்."