கழித்தும் குறையாத எண்

ஏரியில் வாழும் உயிர்களின் எடை, உயரம், இரை, நடமாடும் வேளை எல்லாவற்றையும் கொடுத்தால், அந்த மென்பொருள் ஒவ்வொன்றையும் திரையில் ஒரு வரைபடத்தின் புள்ளியாக்கி, அவை எத்தனை விதமாகப் பிழைக்கின்றன என்பதை ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். சோதித்துப் பார்க்க ஆய்வாளர் விளையாட்டாகத் தன் அளவுகளையும் கொக்கு, ஆமைகளோடு சேர்த்திருந்தாள். இன்று அந்த வரிசையை நீக்கினாள். எண் சரிந்திருக்க வேண்டும், இம்மியும் அசையவில்லை.

"கொக்கை எடுத்துப் பாருங்கக்கா," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

கொக்கை எடுத்ததும் எண் சட்டென்று இறங்கியது.

"அப்ப சாப்ட்வேர்ல கோளாறு இல்ல. நீங்க போயும் குறையலேன்னா, அச்சு அசலா உங்களை மாதிரியே இன்னொண்ணு அங்க இருக்கு. நிம்மதியா லீவு போடுங்க!" என்று சிரித்தாள்.

ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டவணையை மேலும் கீழும் துழாவினாள். மனித உயரத்தில் எதுவுமே இல்லை. ஆனால் வரைபடத்தில், அவளுடைய புள்ளி இருந்த அதே இடத்தில், பெயரில்லாத ஒரு புள்ளி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அழித்தாள். மறுபடி வந்தது.

இருப்புக் கொள்ளாமல் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவன்தான் எடுத்தான். அவனுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"என்ன விளையாட்டு இது? இப்பதானே நீ ஊட்டிவிட்ட? சமையல்கட்டுல நின்னுக்கிட்டு எதுக்கு எனக்குப் போன் பண்ற?"

அந்தப் பக்கம் குழாய் நின்றது.