கொத்தனாரம்மா வீட்டுக் கூரை

ஊரில் பாதி வீட்டைக் கட்டிய கொத்தனாரம்மா அவள். ஆனால் அவள் கையாலேயே போட்ட சொந்த மாடி அறைத் தகரக் கூரை ஒழுகியது. அதுவும் அவள் கணவனின் சித்தப்பா படுத்திருந்த கட்டிலுக்கு நேர் மேலே!

இரண்டு நாள் தங்க வந்தவர் மாதக்கணக்கில் டேரா போட்டிருந்தார். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினார். அடுத்த மழைக்கு அங்கேயும் ஒழுகியது. கதவோரம் இழுத்துப் போட்டார். அங்கேயும் சொட்டியது.

"பொம்பளை போட்ட கூரை வேற எப்படிடா இருக்கும்?" என்றார்.

கணவனுக்கு மானம் போயிற்று. "கொஞ்சம் என்னன்னு ஏறிப் பாரேன்," என்று மனைவியிடம் கெஞ்சினான்.

"எனக்கு ஏதுங்க நேரம்?" என்று கொத்துக்கரண்டியோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கடைசியில் சித்தப்பா, தும்மிக்கொண்டே மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஆட்டோ தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அவள் மாடி அறைக்குள் ஏணி போட்டு ஏறிவிட்டாள்.

ஏணியைப் பிடித்திருந்த கணவன் அண்ணாந்து பார்த்தான்.

"துரு அரிச்ச மாதிரி தெரியலையே. ஆணி அடிச்ச மாதிரி வட்டமா இருக்கு?"

"பின்னே, என் வேலையில பிசிறு இருக்குமா?"

"அடிப்பாவி! அதுக்காக மூணு ஓட்டையா?"

"நான் என்ன பண்றது? உங்க சித்தப்பா கட்டிலை ரெண்டு தடவை நகர்த்திட்டாரே!"