பளிச்சென்று ஒரு படம்

"நல்லா பளிச்சுன்னு தெரியணும்மா. அதான் முக்கியம்" என்றார் லீலா.

வைஷாலிக்குச் சுருக்கென்றது. சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையில் போட்டோ ஸ்டூடியோ திறந்த அன்றே, 'இங்கே முகத்தை வெளுப்பாக்கித் தர மாட்டோம்' என்று வாசலில் எழுதி ஒட்டியவள் அவள். அதைப் படித்துவிட்டும் கேட்கிறார்களே!

லீலாவின் மகள் கவிப்ரியா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நல்ல கறுப்பு. களையான முகம்.

"கல்யாணப் போட்டோவா ஆன்ட்டி?"

"நிச்சயம் ஆயிடுச்சும்மா. இது மாப்பிள்ளை பார்க்கறதுக்கு. அவரே கேட்டாரு."

"பளிச்சுன்னு வேணும்னு அவரே கேட்டாரா?" வைஷாலியின் குரலில் காரம் ஏறியது.

"ஆமா. முகத்துல நிழலே விழக்கூடாதாம். பின்னால வெள்ளைத் துணி கட்டிடு. முகம் மட்டும் பெருசா வரட்டும். இருக்கற லைட்டை எல்லாம் போட்டுடும்மா."

வந்த கோபத்தில் வைஷாலி நேரெதிராகச் செய்தாள். எரிந்துகொண்டிருந்த விளக்குகளை அணைத்தாள். ஒன்றை மட்டும் பக்கவாட்டில் வைத்தாள். பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் நிழல்.

க்ளிக்.

திரையில் கவிப்ரியா அம்சமாக இருந்தாள். வைஷாலிக்குத் தன் கைவண்ணத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாருங்க ஆன்ட்டி, இதுதான் அழகு. எதுக்கு வெள்ளையடிக்கணும்?"

"அழகாத்தான் இருக்கு" என்று லீலா இழுத்தார். "ஆனா இது அவருக்குத் தெரியாதேம்மா."

"இந்த அழகு தெரியாதவருக்கு எதுக்குப் பொண்ணு கொடுக்கறீங்க? கறுப்பு ஒரு குறையா? இந்தக் காலத்துல, அதுவும் சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு..."

லீலா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். வைஷாலி விட்டால்தானே!

"பெத்த அம்மாவே இப்படிப் பேசலாமா ஆன்ட்டி? நாளைக்கு இவ கண்ணாடி பார்க்கறப்போ எப்படி இருக்கும்?"

கவிப்ரியா சிரித்துவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் மூச்சு விடுங்க. ரகுபதிக்கு என் கலர் பிரச்சினையே இல்ல. இருட்டுதான் பிரச்சினை. அவருக்குப் பார்வை ரொம்பக் கம்மி. நல்ல வெளிச்சத்துல எடுத்தாத்தான் கண்ணு, மூக்குன்னு ஏதோ கொஞ்சம் பிடிபடும்."

வைஷாலி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஸாரி ஆன்ட்டி. பளிச்சுன்னு சொன்னதும் நான் பாட்டுக்கு..."

"பரவாயில்லம்மா. என் பொண்ணுக்காகத்தானே என்னையே திட்டுனே" என்று சிரித்தார் லீலா.

வெட்கத்தை மறைக்க வைஷாலி பரபரவென்று வேலையில் இறங்கினாள். வெள்ளைத் துணியைக் கட்டினாள். இருக்கிற விளக்கை எல்லாம் போட்டாள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய விளக்கைக்கூட விடவில்லை. ஒரு துளி நிழல் இல்லை.

கேமராவைத் தூக்கியபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஆமா, ரெண்டு பேரும் ஒரே ஊர்லதானே இருக்கீங்க? நேர்லயே உன் முகத்தைப் பார்த்துக்கலாமே?"

"மீட் பண்றோம்க்கா. ஆனா ரொம்பக் கிட்ட வந்து உத்துப் பார்த்தாத்தான் அவருக்குத் தெரியும். அதுக்குக் கூச்சப்படறாரு." கவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். "போட்டோன்னா மூக்கோட ஒட்டி வெச்சு, ஆசை தீரப் பார்ப்பாருல்ல?"